சதுரக் கேக்குக்குப் பூச்சு

"ஹலோ... ஆங், சொல்லுங்க... என்னது, கரையுதா? எது கரையுது?... மெதுவா சொல்லுங்க, இங்க ஒரே இரைச்சல்... ம்... ம்... க்ரீம் கிண்ணத்தக் கொண்டுபோய் அடுப்புப் பக்கத்துல வெச்சீங்களா? யாருங்க வெக்கச் சொன்னா?... கெட்டியா இருந்துச்சா? கெட்டியா இருந்தா கரண்டியால அடிச்சு இளக்கணும். அடுப்புப் பக்கத்துல வெச்சா அது வெண்ணெய்ங்க, உருகாம பின்ன உக்காந்து கதை பேசுமா?"

எலும்பு டாக்டரின் அறைக்கு வெளியே கிடந்த நீள பெஞ்சில் உட்கார்ந்து இப்படிக் கத்திக்கொண்டிருந்தவளுக்குத் தெருவில் வைத்த பெயர் க்ரீமக்கா. வீட்டுச் சமையலறையிலேயே கேக் செய்து விற்கிறவள். வலது மணிக்கட்டு பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கி, ஒரு துண்டில் சுற்றப்பட்டு மடியில் கிடந்தது. எலும்பில் விரிசல் என்று படம் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். மாவுக்கட்டு போட அவள் முறை வரவேண்டும். இடது கையில் போன். போனின் மறுமுனையில் கணவர். அவர் எதிரில் ஒரு சதுரக் கேக்.

சாதாரணக் கேக் இல்லை அது. ஒரு புது ஆபீஸின் திறப்பு விழாவுக்கு, கட்டடத்தைப் போலவே வெள்ளையாக, சதுரமாக, கூரான மூலைகளோடு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நன்றாக அமைந்தால் இனி அந்த ஆபீஸின் கேக் எல்லாம் அவளுடையது என்று அந்த ஆபீஸ் மேனேஜர் அம்மாள் வாக்குக் கொடுத்திருந்தார். இத்தனை பெரிய இடம் அவளுக்கு இதுவரை வாய்த்ததில்லை. சாயங்காலம் விழா. காலையில் பின்வாசலில் தடுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். வீட்டில் இருந்தவர் கணவர் ஒருவர்தான். அவர் சுவர்ப்பூச்சு மேஸ்திரி. கொஞ்ச நாளாக வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். ஒரு கட்டடம் முடிந்தது, அடுத்தது வரும் என்று சொல்லியிருந்தார். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

"சரி, அந்தக் கிண்ணத்த ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளுங்க, இறுகட்டும். நீல மூடி போட்ட டப்பா ஒண்ணு இருக்கும், அதுலயும் க்ரீம் இருக்கு... கீழ்த் தட்டுல பாருங்க... அது தயிருங்க! மூடி என்ன கலரு?... நீலமும் பச்சையும் உங்களுக்கு ஒண்ணா?... ஆங், அதேதான். வெளிய எடுத்து அடிங்க... ஐயோ, சாந்து கலக்கற மாதிரி ஓங்கி அடிக்காதீங்க! காத்து உள்ள போய் ஓட்டை ஓட்டையா வரும். கிண்ணத்து ஓரமா அழுத்தித் தேயுங்க. தேய்க்கத் தேய்க்க வழவழன்னு வரும்... கை வலியா? எனக்கா? வலிக்காம? பின்வாசப் படியில சாந்துச் சட்டிய வெச்சது யாருங்க?... சும்மா கேட்டேன். நம்ம வீட்டுல வேற யாராவது சாந்துச் சட்டி வெச்சிருக்காங்களான்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்."

க்ரீமக்காவின் கோபத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். 'ங்க' எண்ணிக்கை கூடுகிறதென்றால் மேஸ்திரி செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்வருவது நல்லது என்று அர்த்தம். இன்றைக்கு அவரால் எங்கும் போக முடியாது. சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்த போனில் அவள் இருந்தாள்.

"இப்ப கேக்க எடுங்க. மொதப் பூச்சு நான் போட்டுத்தான் வெச்சிருக்கேன்... ஆமா, துகள் உதிராம அமுக்கிப் பிடிக்கறதுக்கு... உங்க சுவத்துலயும் அப்படித்தானா? ரொம்ப சந்தோஷம். பாடம் கேக்க எனக்கு இப்ப நேரமில்ல. சுத்துற தட்டு மேல வைங்க. மேல க்ரீம அப்புங்க... இன்னும்... கஞ்சத்தனம் பண்ணாதீங்க. வேணுங்கறதுக்கு மேலயே போட்டாத்தான் வழிச்செடுத்து மட்டமாக்க முடியும். நாலு பக்கமும்... மூலையில இன்னும் கூட வைங்க. சதுரக் கேக்குக்கு மூலைதாங்க உயிரு. வட்டக் கேக்க எந்தக் கழுதையும் பூசிடும், தட்டச் சுத்தினாப் போதும், தானா வரும்... இல்ல, உங்களக் கழுதைன்னு சொல்லல. நீங்க பூசறது சதுரமாச்சே."

பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் தன் கால் வலியை மறந்து இவள் பக்கம் சாய்ந்திருந்தார்.

"ஆமாங்கய்யா, கேக்குதான்... இல்லைங்கய்யா, அவருக்கு ஒண்ணும் தெரியாது. அதுதான் கஷ்டமே... ஹலோ, உங்ககிட்ட இல்ல, இங்க ஒருத்தர் கேட்டாரு. என்ன சத்தம் அது?... சளக் சளக்குன்னு கேக்குதே... தண்ணியா? எதுக்குத் தண்ணி?... ஏங்க, எது மேல தெளிச்சீங்க?... கேக்கு மேலயா?"

நடைவழியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் உதட்டில் விரல் வைத்தாள். க்ரீமக்கா அவளைப் பார்க்கவே இல்லை.

மேஸ்திரியின் கைக்கு அது இருபது வருஷப் பழக்கம். பூச்சு வழவழப்பாக வரவேண்டுமென்றால் பிரஷை வாளியில் முக்கிச் சுவரில் ஒரு உதறு உதறி, அதன் மேல் பலகையைத் தேய்ப்பார். கேக்கிலும் க்ரீம் சொரசொரவென்று நின்றதும் கை தானாகத் தண்ணீரைத் தேடிப் போய்விட்டது. பாவம், வெண்ணெய்க்கு அது தெரியுமா?

"நீங்க பூசறது சுவர் இல்லைங்க!... கத்தாம? கொஞ்சச் சொல்றீங்களா?... நானும் தண்ணியில முக்குவேனா? எப்ப?... அது கத்தியங்க! கத்திய சுடுதண்ணியில முக்கி, சொட்டு ஈரமில்லாம துணியால தொடச்சுட்டு, அப்பறம்தான் கேக்குல வெப்பேன். நீங்க முக்கறத மட்டும் பாத்திருப்பீங்க. தொடைக்கறப்ப டிவி பக்கம் திரும்பியிருப்பீங்க... ஆமா, எங்க முழுசா பாத்தீங்க? ஒரு நாள், ஒரே ஒரு நாள், இவ இந்தச் சமையக்கட்டுல என்னதான் பண்றான்னு நின்னு பாத்திருக்கீங்களா? 'வெண்ணெய வெச்சு விளையாடறா'ன்னு உங்க தங்கச்சிகிட்ட சொன்னீங்க, எனக்குத் தெரியாதுன்னு நெனப்பா?... சொன்னீங்க. அவளே சொன்னா... சிரிச்சுக்கிட்டே சொன்னா மட்டும் அது வேறயாயிடுமா?"

அந்தத் தங்கச்சி இதைச் சொல்லி மாதக்கணக்காகிறது. இத்தனை நாளும் அதை அவள் நெஞ்சுக்குள் வைத்துப் பொருமிக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு இப்ப?... ஒட்டாம நழுவுதா?... எத்தன பக்கம்?... ஒண்ணுதானா? அப்பாடா. டிஷ்யூ எடுங்க. தேய்க்காம, மேல வெச்சு வெச்சு எடுங்க, ஈரத்த அது இழுத்துக்கும்... எடுத்தாச்சா? அந்தப் பக்கத்துல ஈரம் பட்ட க்ரீம மட்டும் வழிச்சுப் போட்டுட்டுப் புதுசா அப்புங்க. அந்தத் தண்ணி வாளியக் கண்ணுக்கெட்டாத தூரத்துல வைங்க. இல்ல, தெருவுல வைங்க."

அவர் அப்பும்வரை அவள் காத்திருந்தாள். நர்ஸ் வந்து யாரையோ கூப்பிட்டாள். அவள் முறை இல்லை. ஒரு பக்கம் கட்டு சீக்கிரம் போட்டால் தேவலை என்றிருந்தது. இன்னொரு பக்கம், கேக் முடியும் வரை கூப்பிடாமல் இருந்தால் புண்ணியமாகப் போகும் என்றும் இருந்தது.

"இப்ப ஸ்க்ரேப்பர எடுங்க... அந்த இரும்புத் தகடு... ஆமா, நேரா நிமித்திப் பிடிங்க. அடி தட்டுல படணும்... உங்க மட்டப்பலகையப் பிடிக்கற மாதிரியே பிடிச்சுக்கோங்க, எனக்கென்ன. ஒரு மூலையில ஆரம்பிச்சு அடுத்த மூலையத் தாண்டி வெளிய போற வரைக்கும் ஒரே இழுப்பு. நடுவுல நிக்கக் கூடாது. நின்னா கோடு விழும்... ம், இழுங்க... என்ன, முடிஞ்சுதா?... கோடு?... ஒண்ணுமே இல்லையா? பொய் சொல்லாதீங்க... மூலை?... கூரா நிக்குதா?... ஐயோ, தொட்டுப் பாக்காதீங்க!"

சதுரத்தின் மூலை பிடிபட அவளுக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. எத்தனை கேக்குகளை வழித்து வழித்து அழுதிருப்பாள். இவர் முதல் இழுப்பிலேயே கொண்டுவந்துவிட்டார் என்றதும் உயிர் வந்த மாதிரி இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"ரொம்பப் பெருமைப்படாதீங்க, இன்னும் மூணு இருக்கு. தகட்டத் தொடைங்க... தட்டத் திருப்பி அடுத்த பக்கம்... வந்துச்சா? ம்... அதுக்கடுத்தது... சரி, சரி... மூலையில பள்ளம் தெரிஞ்சா விரல் நுனியளவு வெச்சு மறுபடி ஒரு இழுப்பு... உங்க சுவத்துலயும்... ஆமாங்க, எல்லாமே உங்க சுவத்துல இருக்கு, உலகத்த அதுலேருந்துதான் பண்ணாங்க... க்ரீம் தீந்துடுச்சா? கடைசிப் பக்கத்துல மெல்லிசா இருக்கா? அதுக்கு ஃப்ரிட்ஜுல வெச்ச கிண்ணத்த எடுங்க, இறுகியிருக்கும். பாத்து, மேல் தட்டுல சாக்லேட் பலகை இருக்கு. ஆபீஸ் பேரு எழுதியிருக்கேன், இடிச்சுடாதீங்க... எடுத்தாச்சா?... ஏன் இவ்வளவு நேரம்?... சரி, அப்பி முடிச்சா இழுங்க."

போனில் தகடு தட்டில் உரசும் சத்தம் சன்னமாகக் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

"ஏன் சத்தம் நின்னுடுச்சு?... ஹலோ?... லைன்ல இருக்கீங்களா?... பாதியில நிறுத்திட்டீங்களா? எத்தன தடவ சொன்னேன்!... என்ன, யாரோட ஆர்டரா? பலகையிலதான் எழுதியிருக்கே... ஆமா, அவங்கதான். மெயின் ரோட்டு முனையில, வெள்ளைக் கட்டடம்... ஏன்?... கொண்டுபோக முடியாதா? என்ன விளையாடறீங்களா?... வேற யார அனுப்பறது? என் கையப் பாத்தீங்கள்ல?... காரணம் சொல்லுங்க... அப்பறம் சொல்றேன்னா எப்ப, கேக்கு பூஞ்சை பிடிச்ச பின்னாடியா?"

அவள் எழுந்து நின்றுவிட்டாள். மடியிலிருந்த துண்டு நழுவியது. பெரியவர் அதை எடுத்துக் கொடுத்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"எனக்குப் புரியுதுங்க. நல்லாவே புரியுது. பெரிய மேஸ்திரி கையில கேக்குப் பெட்டியோட போனா கௌரவம் கொறஞ்சுடும். அதானே? உங்க வேலைன்னா வேலை, என் வேலைன்னா விளையாட்டு. இருபது வருஷமா சுவர் பூசறீங்க, நடுவுல நிறுத்தினா கோடு விழும்னு எனக்குத் தெரியறது உங்களுக்குத் தெரியாதுங்களா? எந்தக் கட்டடத்துலயாவது பாதிச் சுவத்துல கையக் கழுவிட்டு வந்திருக்கீங்களா? இல்லல்ல? என் கேக்குன்னா மட்டும்தானே பாதியில விடத் தோணுது! சொல்லுங்க, வந்திருக்கீங்களா?...

"என்னது?...

"வந்திருக்கீங்களா?... எங்க?... இதே கட்டடத்துலயா?... எப்ப?... என்னைக்கு?... அன்னைக்கா? நான் போன் பண்ணினேனே, அன்னைக்கா?"

அன்றைக்கு அவளுடைய ரெண்டடுக்குக் கேக் ஒன்று வெயிலில் நின்றுகொண்டிருந்தது. வாடகை வண்டி வழியில் படுத்துவிட்டது. க்ரீம் வழிய ஆரம்பித்திருந்தது. அவள் மேஸ்திரிக்குப் போன் மேல் போன் போட்டு, இப்போதே வராவிட்டால் இனி வீட்டுப் பக்கமே வர வேண்டாம் என்று கத்தினாள். அவர் வந்தார். முழங்கை வரை ஈரச் சிமெண்ட். பெட்டியில் கறை படும், தள்ளி நில்லுங்கள் என்று அதற்கும் ஒரு திட்டு வாங்கிக்கொண்டுதான் கேக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எதை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. எந்தக் கட்டடத்தில் வேலை என்றுகூட அவள் கேட்டிருக்கவில்லை.

"முன்பக்கச் சுவரா?... திரும்பிப் போறதுக்குள்ள காஞ்சு போச்சா?... கோடு குறுக்கால நின்னுச்சா?... யாரு பாத்தா?... இன்ஜினியரு எல்லாரையும் கூப்பிட்டாரா? தச்சுவேலைக்காரங்க, வயர்மேன், கூலியாளுங்க எல்லாரையும் நிக்க வெச்சா?... என்ன கேட்டாரு?... சொல்லுங்க... நான் கேட்டே ஆகணும், சொல்லுங்க...

"'குடிச்சுட்டு எங்க விழுந்து கிடந்தே'ன்னா?

"உங்களயா? ஒரு சொட்டு தொடாத மனுஷன! அந்தாளு வாய் வெந்து போக! நீங்க என்ன சொன்னீங்க?... ஒண்ணும் சொல்லலையா? ஏன்? வாயில என்ன, சாந்தா வெச்சிருந்தீங்க? 'எம் பொண்டாட்டி கூப்பிட்டா, போனேன்'னு சொல்ல வேண்டியதுதானே!... சொன்னா?... சொன்னா என்னை ஏதாவது சொல்லுவாரா?... எம் பேர அத்தன ஆம்பளைங்க நடுவுல இழுக்க வேணாம்னா? அதுக்காகக் குடிகாரன்னு பேர் வாங்கிக்கிட்டு வந்தீங்களா?... வந்து, வேலைய விட்டுத் துரத்தினத மறைச்சு, வேலை முடிஞ்சுதுன்னு எங்கிட்ட சொன்னீங்களா?... நீ ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் 'நீ' என்றதில்லை. இப்போது சொன்னதை அவள் கவனிக்கவும் இல்லை. கண்ணைத் துடைக்க ஒரு கை வேண்டுமே என்று பார்த்தாள். ஒன்று போனில், ஒன்று துண்டில். அப்படியே வழிய விட்டாள்.

"அழல... சளி... அழலைன்னு சொல்றேன்ல. அந்தக் கேக்கு போக வேணாம். நம்ம தெருவுல பசங்களுக்கு வெட்டிக் குடுங்க. அந்தக் கட்டடத்துக்கு என் கையால ஒண்ணும் போகக் கூடாது... ஏன் கூடாது? ஆர்டர் எடுத்தது நான், நானே வேணாங்கறேன்... மேனேஜரம்மா நல்லவங்களா இருந்தா எனக்கென்ன?... ம்... என்ன பண்றீங்க?... வழிச்சுட்டீங்களா? அந்தப் பக்கம் முழுசுமா?... மறுபடி முதல்லேருந்தா?... அன்னைக்கும் இதத்தான் கேட்டீங்களா? முழுச் சுவரையும் உரிச்சுட்டு உங்க செலவுல மறுபடி பூசித் தரேன்னு?... விடலையா?... சரி. பூசுங்க. நான் வாயத் திறக்கல."

வாயைத் திறக்கவில்லை. அவளை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். கரண்டி கிண்ணத்தில் படுவதும், க்ரீம் அப்பப்படுவதும் கேட்டது. பிறகு தகடு ஒரு மூலையில் தொடங்கி, ஒரே சீராக, நிற்காமல், தட்டை உரசிக்கொண்டு போய் முடிந்தது. அவள் மூச்சை விட்டாள்.

"கோடு?... மேல விளிம்பு எழும்பி நிக்கும், அத நீளக் கத்தியால வெளியிலேருந்து உள்ள பக்கமா வழிச்சு விடுங்க. மேலேருந்து வெளிய தள்ளினா மூலை செத்துடும்... மெதுவா... முடிஞ்சுதா? போட்டோ எடுத்து அனுப்புங்க."

படம் வந்தது. நாலு பக்கத்தையும் எடுத்து அனுப்பியிருந்தார். அவள் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். பெரியவரும் எட்டிப் பார்த்தார். நாலாவது பக்கத்தைப் பெரிதாக்கிக் கோட்டைத் தேடினாள். எங்கும் இல்லை. சதுரமென்றால் அப்படி ஒரு சதுரம்.

"பாத்தேன்... நல்லாத்தான் இருக்கு. என்னவிட நல்லா இருக்குன்னெல்லாம் சொல்ல மாட்டேன், ஆசப்படாதீங்க... இருங்க... என்னையா, சிஸ்டர்? இதோ வந்துட்டேன், ஒரே நிமிஷம்... அரை நிமிஷம் சிஸ்டர், கை எங்கயும் ஓடிடாது, எங்கூடத்தான் இருக்கு...

"கேளுங்க. பலகைய நடுவுல வெச்சுப் பெட்டிய மூடுங்க. அடியில கை குடுத்துத் தூக்குங்க. ஆட்டோ பிடிச்சு இங்க வந்து நில்லுங்க. கட்டுப் போட்டுட்டு வரேன். ரெண்டு பேருமாத்தான் போறோம்... வாசல்லயே நிப்பீங்களா? அதெல்லாம் முடியாது. உள்ள வரீங்க. முன்வாசல் வழியா. நீங்க பூசின சுவத்தோரமா... அந்த இன்ஜினியரு இருந்தா? இருக்கட்டும். இருந்தாத்தான் நல்லது. நீங்க ஒரு வார்த்தையும் பேச வேணாம், நான் பேசிக்கறேன்... என்ன பேசுவேன்னா? பாதிச் சுவத்துல உங்கள இழுத்துட்டுப் போனது நான்தான்னு சொல்லுவேன். இவர் குடிச்சுட்டுக் கிடக்கல, என் கேக்கத் தூக்கிக்கிட்டு வெயில்ல அலைஞ்சாருன்னு சொல்லுவேன்... ஆமா, எல்லார் முன்னாடியும்தான். உங்கள எல்லார் முன்னாடியும்தானே கேட்டாரு?... ஆர்டர் போனா போகுது. கத்தறதுக்குத்தானே எனக்கு வாய் இருக்கு, அன்னைக்கு உங்ககிட்ட கத்தினேன்ல, இன்னைக்கு உங்களுக்காகக் கத்தறேன்... ஒண்ணும் சொல்லாதீங்க. பெட்டிய எடுங்க."

அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். அவள் கேட்காமல் போனை வைத்துவிட்டு, கட்டுப் போட உள்ளே போனாள்.